காலி வகுப்பு இல்லை

கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து பத்தாம் வகுப்புக்கு மூன்றாவது பீரியடில் கணக்கு நடத்தாமல் இருப்பவர் விளையாட்டு வாத்தியார். நடத்தவில்லை என்பதற்காக வேலை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்திரண்டு பேரைக் கப்சிப்பென்று உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமா? கழுத்தில் விசிலோடு அவர் நாற்காலியில் உட்கார்ந்தாரென்றால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

தலைமையாசிரியைக்கு அதில் ஏகப் பெருமை. "நம்ம ஸ்கூல்ல ஆள் இல்லாம ஒரு வகுப்பு நின்னதே கிடையாது" என்று பெற்றோர் கூட்டத்திலெல்லாம் சொல்வார். மாதாமாதம் கல்வி அலுவலகத்துக்குப் போகும் படிவத்தில் 'ஆசிரியர் இல்லாமல் காலியாக இருந்த வகுப்புகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, வகுப்பைப் பார்த்துக்கொண்டவர் என்ற முறையில் வாத்தியாரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வார். அவரும் படித்துப் பார்க்காமல் போட்டுக் கொடுப்பார்.

அவரை உறுத்தியது வேறு. முன்வரிசையில் இரண்டாவதாக உட்கார்ந்திருப்பது அவர் பெற்ற பெண். சந்தேகம் கேட்டுக் கேட்டே பழைய டீச்சரின் உயிரை வாங்கியவள், இந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை. தூக்கினால் அப்பாவுக்குப் பதில் தெரியாதது வகுப்புக்கே வெளிச்சமாகிவிடுமே. வீட்டில் "கணக்கு எப்படிம்மா போகுது?" என்றால், "போகுதுப்பா" என்பாள். அரையாண்டில் நூற்றுக்குப் பத்தொன்பது. பொதுத்தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம்.

அந்த வாரம் அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். மூன்றாவது பீரியடில் தலைமையாசிரியையோடு அவர் உள்ளே நுழைந்ததும், வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டார்.

"சார், கணக்குக்கு எப்ப ஆள் போடுவீங்க?"

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "இங்க ஆள் இல்லைன்னு யாரு சொன்னா? எட்டு மாசமா ஒரு வகுப்புகூடக் காலியா இல்லைன்னு எழுதியிருக்கு. கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானே? ஆள் கேட்டு நாப்பது ஸ்கூல் வரிசையில நிக்குது. உங்க ஸ்கூல் அதுல இல்லவே இல்லை."

வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பெண்ணுக்குத் தானே குழி வெட்டியிருக்கிறோம், அதுவும் மாதம் தவறாமல்.

"அவரே நல்லாப் பார்த்துக்கிறார் சார்" என்றார் தலைமையாசிரியை அவசரமாக.

அதிகாரி வகுப்பின் பக்கம் திரும்பினார். "சார் கணக்கு நடத்துறாரா?"

முன்வரிசையிலிருந்து மகள்தான் எழுந்தாள்.

"நல்லா நடத்துறாங்க சார். பாதிக்கு மேல முடிச்சிட்டாங்க."

சொல்லும்போது அவள் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. தலைமையாசிரியைக்குப் போன உயிர் வந்தது. அதிகாரி கோப்பை மூடப் போனார்.

"அவ பொய் சொல்றா சார்" என்றார் வாத்தியார். "என் பொண்ணு. அப்பன் மானம் போயிடக் கூடாதுன்னு சொல்றா. நான் இந்த போர்டுல ஒரு கணக்குகூடப் போட்டதில்லை."

அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது.

அதிகாரி பேனாவை எடுத்தார். "சரி, உங்க ஸ்கூல் பேரையும் சேர்த்துக்கிறேன். நாப்பத்தொண்ணாவது."

மகள் இன்னும் உட்காரவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் கை மேலே போனது.

"சார், மாசத்துக்கு எத்தனை டீச்சர் போடுவீங்க?"

"ரெண்டு பேரும்மா."

வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கணக்கைப் போட ஐம்பத்திரண்டு பேரில் ஒருவருக்கும் டீச்சர் தேவைப்படவில்லை.