தண்ணீர் கேட்காத காகிதப்பூ

பங்குனி பிறந்ததுமே அமிர்தவல்லி டீச்சரின் தெருவுக்கு வரும் ஊற்று வற்றிவிட்டது. பெருமாள்மலையில் அந்தத் தெருவுக்கு மட்டும் குழாயில் வாரம் ஒருமுறைதான் தண்ணீர். சமைக்கவும் குளிக்கவும் அது போதும். ஆனால் டீச்சருக்கு வீட்டைச் சுற்றித் தோட்டம் இருந்தது. ஹைட்ரேஞ்சியா, டேலியா, ரோஜா, சுவரோரம் ஜெரேனியம், வாசலில் இதுவரை பூக்காத ஒரு காகிதப்பூக் கொடி. நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்தால் இருட்டும்வரை அவள் கை மண்ணில்தான் இருக்கும்.

அதனால் தண்ணி லாரிக்குச் சொல்லிவிட்டாள். லாரியை ஓட்டி வந்தவர் சுந்தரராஜ். ஐம்பதை நெருங்கும் வயது; மனைவி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. கைக்குழந்தையாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் வந்து, தாண்டிக்குடிக் காப்பித் தோட்டங்களில் வளர்ந்தவர்; இன்றும் அங்கேதான் வீடு. டிரம்மை நிரப்பிவிட்டுக் கிளம்புகிற ஆள் இல்லை. ஓஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செடியாகத் தானே தண்ணீர் விடுவார்.

"டீச்சர், இந்த ஹைட்ரேஞ்சியா தலைய தொங்கப் போட்டிருச்சுங்களே. பாக்க மனசு கேக்கல. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

"ஊத்துங்க. காலையிலகூட ஊத்தினேன். உச்சிவெயில் வந்தா இப்படித்தான் விழுந்து கெடக்கு."

இருவருக்கும் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். சாயங்காலம் செடி நிமிரும்போது, தண்ணீர் விட்டதால்தான் பிழைத்தது என்று மகிழ்ந்துபோய் தேத்தண்ணி குடித்தார்கள். டீயை அவர் அப்படித்தான் சொல்வார். அவளுக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது.

பக்கத்து வீட்டு ஜெயா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவள். மதில்மேல் கையூன்றி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெருவே அவர அண்ணேன்னு கூப்பிடுது. நீ மட்டும் 'ஏங்க'ங்கிற."

"வேற சோலி இல்லையா ஒனக்கு?" என்று அமிர்தவல்லி உள்ளே போய்விட்டாள்.

சித்திரையில் மலைப்பாதையில் லாரியின் கிளட்ச் போய்விட்டது. உதிரிபாகம் மதுரையிலிருந்து வரவேண்டும். "வெரசா சரிபண்ணிட்டு வந்துர்றேன் டீச்சர். செடிகளப் பாத்துக்குங்க," என்று போனில் சொன்னார் சுந்தரராஜ். பிள்ளைகளை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர் குரல்போல இருந்தது.

பள்ளிக்குக் கோடை விடுமுறை. பாத்திரம் அலசிய தண்ணீரை ரோஜாவுக்கு விட்டாள். உதிர்ந்த சருகையெல்லாம் கூட்டி ஹைட்ரேஞ்சியாவின் தூரில் மெத்தைபோலப் பரப்பினாள். மற்றவற்றை அவற்றின் போக்கில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் அழுகைதான் வந்தது. பிறகு, பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விடாத நாளிலும் ஹைட்ரேஞ்சியா வெயிலில் இலையைத் தொங்கப்போட்டு, வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்தது. சருகை விலக்கித் தொட்டால் மண்ணில் ஈரம் இருந்தது. ரோஜா அடி இலைகளை உதிர்த்துவிட்டு நுனியை மட்டும் பச்சையாக வைத்துக்கொண்டது. டேலியா மேலே கருகிவிட்டது. செத்துவிட்டதென்று தோண்டிப் பார்த்தாள். உள்ளே கிழங்கு கெட்டியாக, குளிர்ச்சியாக இருந்தது. மறுபடி மண்ணைப் போட்டு மூடினாள். ஜெரேனியம் எதையும் கண்டுகொள்ளவே இல்லை.

காகிதப்பூவின் கொம்பு நுனிகளில் சில நாளாகச் சிவப்புத் தெரிந்தது. இலை பழுக்கிறது என்றுதான் நினைத்தாள். ஒரு நாள் வெள்ளனே கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கொடி பாதி இலைகளைக் கொட்டிவிட்டு, கொம்புக்குக் கொம்பு கருஞ்சிவப்பாகப் பூத்திருந்தது.

ஜெயா எட்டிப் பார்த்தாள். "அது காய்ஞ்சாத்தான் பூக்கும்போல. நீ இத்தனை வருசமா தண்ணிய ஊத்தி ஊத்திக் கெடுத்திருக்க."

அமிர்தவல்லிக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. சிரித்து ஓய்ந்ததும், இதை முதலில் யாரிடம் சொல்லத் தோன்றுகிறது என்று தெரிந்தது. காது சூடாகிவிட்டது.

அன்றைக்கே சுந்தரராஜ் போன் செய்தார். "வண்டி ரெடியாயிருச்சுங்க டீச்சர். நாளைக்கு ஒரு லோடு கொண்டாரட்டுங்களா?"

வேண்டும் என்றால் பொய். வேண்டாம் என்றால் அவர் வரமாட்டார்.

"செடிக்கு வேணாங்க. அதுங்களே சமாளிச்சுக்கிருச்சு."

"அப்படிங்களா. மிச்சம் சந்தோசம்," என்றார். அவர் பேச்சில் மிச்சம் என்றால் ரொம்ப. ஆனால் குரலில் சந்தோஷம் இல்லை.

"ஆனா நீங்க வாங்க," என்றாள் அவசரமாக. "சும்மா வாங்க. காகிதப்பூ பூத்திருக்கு."

மறுநாள் பைக்கில் வந்தார். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். கொடியடியில் நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ஓஸ் இல்லாம இங்க நிக்க என்னமோபோல இருக்குங்க. கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல."

"இந்தத் தேத்தண்ணியப் பிடிங்க."

டம்ளரை வாங்கிக்கொண்டார். "தண்ணி வேணாம்னு நீங்க சொன்னப்ப, இனி என்ன சாக்குச் சொல்லி வர்றதுன்னுதான் எனக்குத் தோணுச்சு."

"எனக்கும் அதேதான் தோணுச்சு."

"அப்ப, சாக்கு இல்லாமலே வரலாமுங்களா?"

"வரலாம். போகாமலும் இருக்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அவர் வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் சரிந்து, தேத்தண்ணி வெள்ளைச் சட்டையில் கொட்டியது. இருவரும் சிரித்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

அடுத்த நாள் காலை அமிர்தவல்லி சந்தைக்குப் போனாள். மளிகைக் கடைக்காரர் ஆண்டிச்சாமி, "முகூர்த்தம் என்னைக்குங்க டீச்சர்?" என்று கேட்டார். பூக்காரி பணம் வாங்காமல் ஒரு முழம் மல்லிகையை நீட்டினாள். ஜெயா தன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேரட்டோடு சேதியையும் போட்டுக் கொடுத்திருந்தாள்.

அமிர்தவல்லி தெருவில் நின்றபடியே சுந்தரராஜுக்குப் போன் செய்தாள். "ஏங்க, பெருமாள்மலை முழுக்கத் தெரிஞ்சுபோச்சு."

"தாண்டிக்குடியிலயும் தெரியுங்க டீச்சர்."

"அதுக்குள்ளயா? இந்த ஜெயா இருக்காளே..."

"அவுங்க இல்லீங்க. நேத்து சாயங்காலமே நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

நடுரோட்டில் நின்று சிரித்துக்கொண்டிருந்த டீச்சரை வத்தலக்குண்டு பஸ் ஹாரன் அடித்து ஓரம் போகச் சொன்னது. ஓரமாகப் போய் நின்று மறுபடியும் சிரித்தாள்.