கொண்டை ஊசி வளைவில் மாப்பிள்ளை

ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண்மண் தெரியாது. ஊரில் உள்ளவர்களின் பார்வையை எல்லாம் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடும் மனிதர்தான். ஆனால் பள்ளத்தாக்குச் சாலையில் ஏறிவிட்டால் எதிரே வருவது லாரியா மலையா என்றுகூடப் பார்க்கமாட்டார். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் எட்டிப் பார்த்தாலும் அடி தெரியாத பள்ளம். நடுவே நெளிந்து நெளிந்து போகும் அந்தச் சாலையில் அவர் ஒற்றைக் கையால் ஓட்டுவார். இன்னொரு கை பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

அவர் மனைவி பல் மருத்துவர். மாமியாரோ, அந்தச் சாலையில் கவிழ்ந்து கிடக்கும் வண்டிகளைத் தூக்கி இழுத்துவரும் ரெக்கவரி வண்டிக்குச் சொந்தக்காரி, ஓட்டுவதும் அவரே. ஆக, மாப்பிள்ளையின் வேகத்தை வீட்டில் யாரும் கைதட்டி ரசிக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மதியம் மெத்தை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. வளைவு என்றும் பாராமல் முந்தினார். முந்திய வேகத்தில் சக்கரம் ஜல்லியில் ஏறியது. கார் தட்டாமாலை சுற்றி, மண்மேட்டில் ஏறி, தடுப்புக் கம்பியில் சாய்ந்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. மூக்குக்கண்ணாடி மட்டும் ஜன்னல் வழியே பறந்து பள்ளத்துக்குள் போய்விட்டது.

பின்னாலேயே வந்த லாரிக்காரர் பதறி இறங்கி அவரை வெளியே இழுத்துப்போட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு மெத்தைய விரிச்சுப் போட்டிருப்பேனே சார்! வாங்க, ஊர்ல இறக்கி விடுறேன்."

"வேணாம்ணே, நான் பாத்துக்கறேன்" என்றார் கடைக்காரர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? அந்தச் சாலைக்கு இருப்பதே ஒரு ரெக்கவரி வண்டிதான். ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் செல்போனில் சிக்னல் எட்டிப் பார்க்கும். ஏறினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குரலை மாற்றினார்.

"ஹலோ, ரெக்கவரி வண்டிங்களா? நான் வெளியூருங்க. வண்டி லேசா சாஞ்சிடுச்சு."

"அடடா, எங்கங்க?"

"மூணாவது கொண்டை ஊசி வளைவுங்க."

"வெளியூர்னு சொல்றீங்க, வளைவெல்லாம் எண்ணி வெச்சிருக்கீங்களே. அடி கிடி பட்டுச்சா?"

"இல்லைங்க. கண்ணாடிதான் போச்சு."

"கார் கண்ணாடியா, மூக்குக்கண்ணாடியா?"

"மூக்குக்கண்ணாடிங்க."

மறுமுனையில் வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"சரி, வெயில்ல நிக்காதீங்க மாப்பிள்ளை. வந்துட்டே இருக்கேன்."

வந்த மாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது அவருக்கு. ரெக்கவரி வண்டியை ஓரமாக நிறுத்தி, காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, பாறைமேல் ஏறி மகளுக்குப் போன் போட்டார்.

"பாப்பா, மாப்பிள்ளை கார் மூணாவது வளைவுல கவுந்திருச்சு. ஆனா..."

அவ்வளவுதான், சிக்னல் போய்விட்டது. நல்ல செய்தி முழுவதும் அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு முறை முயன்றும் லைன் கிடைக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று வேலையைத் தொடங்கினார்.

"இந்தாங்க, இந்தச் சிவப்புக் கொடியப் புடிங்க. அந்தத் திருப்பத்துல நின்னு வர்ற வண்டிய நிறுத்துங்க. நான் கயிறு மாட்டி இழுக்கணும்."

கடைக்காரர் போய் நின்றார். கண்ணாடி இல்லாததால் உலகமே தண்ணீர் ஊற்றிய ஓவியம் மாதிரி தெரிந்தது. அவர் கொடி ஆட்டியதை மதிக்காமல் இரண்டு பைக்குகள் சர்ரென்று பறந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக, "பொறுப்பில்லாத பசங்க!" என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு வெள்ளைக் கார் வெறிபிடித்தது போல ஏறி வந்தது. கொடியை ஆட்டினார், கத்தினார், கடைசியில் முள்புதருக்குள் பாய்ந்தார். கார் கிறீச்சிட்டு வழுக்கி, ரெக்கவரி வண்டியின் முன்சக்கரத்தில் போய் டமால் என்று மோதி நின்றது. காரின் முகப்பு நசுங்கியது, ரெக்கவரி வண்டியின் டயர் வெடித்தது.

முள்ளோடு முள்ளாக எழுந்து ஓடினார் கடைக்காரர். "கண்ணு தெரியல? யாருய்யா உனக்கு லைசென்ஸ் குடுத்தது?"

கதவு திறந்தது. பச்சை அங்கி, முகமூடி, கையில் ரப்பர் உறை. அவர் மனைவி.

அவள் ஓடிவந்து அவர் தலையைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், கைவிரல்களைத் தொட்டாள். எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்று தெரிந்ததும் இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் குத்தினாள். பிறகு உடைந்து அழுதாள்.

"கவுந்திருச்சுன்னாங்க, ஆனான்னாங்க, கட்டாயிடுச்சு. வர்ற வழியெல்லாம் அந்த ஆனாவுக்கு அப்புறம் என்னென்ன நினைச்சேன் தெரியுமா?"

கார் சுழன்றபோதுகூடப் பயப்படாத கடைக்காரருக்கு இப்போதுதான் பயம் வந்தது. ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எம்மேலயும் தப்பு இருக்கு" என்றார் மாமியார், வெடித்த டயரைப் பார்த்தபடி. "நல்ல சேதிய முதல்ல சொல்லியிருக்கணும்."

மகள் திடீரென்று தலையில் கை வைத்தாள். "ஐயையோ, கிளினிக்ல ஒருத்தர் வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்காரும்மா!"

மூன்று வண்டியில் ஒன்றுகூட நகரவில்லை. வளைவுக்கு முன்னும் பின்னும் கல்லும் கொடியும் வைத்துவிட்டு, கீழே இறங்கும் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்கள். பஸ் டிரைவருக்கும் என்ன அவசரமோ, அடுத்த வளைவில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அண்ணே, மெதுவாப் போங்கண்ணே! குடும்பத்தோட வந்திருக்கோம்!"

கத்தியது யார் என்று இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார்.

பஸ் மெல்ல இறங்கியது. சிக்னல் திரும்பியதும் மாமியார் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ரெக்கவரி வண்டி ஓட்டும் போட்டிக்காரரைக் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்ட அந்த ஆளின் சிரிப்பு பஸ் முழுக்கக் கேட்டது.

"ஆமாங்க, என் வண்டியேதான்" என்றார் மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லா சிரிச்சு முடிச்சுட்டு, பொழுது சாயறதுக்குள்ள வந்து சேருங்க."