பத்து வரித் திட்டு

எங்க மலை ஊர்ல காபி அறுவடைத் திருவிழான்னா பாட்டுப் போட்டிதான். மேடையேறின பிறகுதான் உறையைப் பிரிச்சு ஒரு வரியைக் கொடுப்பாங்க. கிதார் வாசிக்க வாசிக்க நாமளே பத்து வரி கட்டணும். பத்தாவது வரியா அவங்க கொடுத்த வரியே வந்து விழணும். இப்படி நாலு தடவை. வீட்ல எழுதிவெச்சதைப் பாடினா கூட்டம் கண்டுபிடிச்சுக் கூவிடும். ஜெயிச்சவங்களை தலைநகர் சான் ஹுவானுக்குக் கூப்பிட்டு ஒரு மாசம் பாட வைப்பாங்க.

பதினோரு வருஷம் ஏறினேன், பதினோரு வருஷமும் முதல் சுத்துலயே அவுட்டு. வயசு ஐம்பத்திரண்டு. என் பார்லருக்கு வர்ற பொம்பளைங்க, "இந்த வருஷமுமா, நெரெய்தா?"ன்னு கண்ணாடியில என்னைப் பார்த்துச் சிரிப்பாளுங்க. சிரிக்கட்டுமே, கத்திரி என் கையிலதானே இருக்கு.

வீட்ல மட்டும் பாட்டு கொட்டோ கொட்டுன்னு கொட்டும். அதுவும் என் புருஷன் எலாடியோவைத் திட்டும்போது. மனுஷன் ஈரத்துண்டை மெத்தைமேல போட்டார்னா போதும், எதுகை தப்பாம பத்து வரி. மேடையேறினா நாக்கு ஒட்டிக்கும். இந்தத் தடவையும் தோத்தா இனி அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்னு ஊருக்கே சொல்லிட்டேன். சொல்லிட்டேனே தவிர, பாட்டை விட்டுட்டு நான் என்னத்தப் பண்ணுவேன்?

மேடையேறினேன், உறையைப் பிரிச்சாங்க. 'எனக்குன்னு ஒருத்தர் உண்டு.' கிதார் ஆரம்பிச்சுது. எனக்கு ஒரு வரியும் வரலை. கூட்டம் கப்சிப். அந்த அமைதியில, கறுக்கு மொறுக்குன்னு ஒரு சத்தம். முதல் வரிசையில எலாடியோ பன்னித்தோல் வறுவல் தின்னுக்கிட்டிருக்கார்!

வந்துச்சு பாருங்க ஆத்திரம்.

"மேடை ஏறி நிக்கிறேன், வேர்த்துக் கொட்டுது எனக்கு,
வாடை புடிச்சு வறுவல் தின்ன வாயிருக்கு உனக்கு!"ன்னு ஆரம்பிச்சேன். நான் செத்துக் கிடந்தாலும் பக்கத்துல உக்காந்து மென்னுக்கிட்டிருக்க எனக்குன்னு ஒருத்தர் உண்டுன்னு முடிச்சேன். கூட்டம் விசிலடிச்சுக் கொண்டாடிருச்சு. இறுதிச் சுத்துக்குப் போயிட்டேன்!

இடைவேளையில மேடைக்குப் பின்னால ஓடிவந்தார் எலாடியோ. "தங்கமே, மன்னிச்சுக்கோ. பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுட்டேன்."

"யோவ், எதுக்குய்யா போட்ட? இன்னொரு சுத்து பாக்கி இருக்கு. எனக்குக் கோபம் வேணுமே!"

"உங்கம்மாவைத் திட்டட்டுமா?"

"அது பழசு, உறைக்காது."

தொப்பியைக் கழட்டிக் கையில உருட்டினார். "அப்ப உண்மையைச் சொல்றேன். வருஷா வருஷம் நீ மேடையேறும்போது, நீ தோக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்குவேன்."

"என்னது?"

"ஜெயிச்சா சான் ஹுவான் போயிடுவே. அங்க கைதட்டுறவங்களைப் பார்த்துட்டு திரும்பி வருவியா? வீட்ல என்னைத் திட்ட யாரிருக்கா?" கண்ணு கலங்கிடுச்சு மனுஷனுக்கு.

"இந்த வருஷம் வேண்டிக்கலையா?"

"வறுவல் சூடா இருந்துச்சா... மறந்துட்டேன்."

பதினோரு வருஷம்! கொன்னுடலாம்போல இருந்துச்சு. கட்டிப்பிடிச்சு அழணும்போலவும் இருந்துச்சு. அதுக்குள்ள என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க.

இந்தத் தடவை வந்த வரி, 'போயிட்டு வருவேன் நான்.' முதல் பத்து வரியில அவரை நார்நாராக் கிழிச்சேன். ரெண்டாவதுல மாதாவையும் விடலை, அவர் வேண்டுதலைக் கேட்டதுக்கு. மூணாவதுல சனங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. பரிசு எனக்குத்தான், அதை அப்புறம் சொன்னாங்க. நாலாவதுல எனக்குத் திட்டே வரலை. அந்தக் கடைசி வரியை அவரைப் பார்த்துத்தான் பாடினேன்.

எலாடியோ எழுந்து நின்னு, அத்தனை பேருக்கு நடுவுல கத்தினார்: "வந்துடணும், ஆமா!"