கடைசி வரிசைப் பொறுப்பு

எங்கள் சபையில் யாரும் சும்மா இருக்க முடியாது. பல் டாக்டர் வாசலில் நின்று கை குலுக்குவார். வெல்டர் நாற்காலி போடுவார். அவர் மனைவி பாட்டுப் புத்தகம் கொடுப்பார். தையல்காரியான எனக்குப் பொறுப்புப் பட்டியல் எழுதும் வேலை வந்து சேர்ந்தது.

பழைய பட்டியலில் ஒரு வரி கண்ணை உறுத்தியது. ‘கடைசி வரிசை: பஸ் டிரைவர்.’ அங்கே என்ன வேலை? துடைக்க ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

போதகரிடம் கேட்டேன்.

“நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சும்மா. அவர்கிட்டயே கேளுங்க.”

டிரைவரிடம் கேட்டேன். “சும்மா உக்காந்திருப்பேன்மா” என்றார்.

“அதுக்கு ஒரு பொறுப்பா?”

“ஆமாம்மா.”

அவ்வளவுதான். எனக்கோ ஒரு விஷயம் தெரியாவிட்டால் தூக்கம் வராது. வெல்டரைக் கேட்டேன், டாக்டரைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளை அங்கிருந்து எடுத்துவிட்டால் என்ன குறைகிறது என்று தெரிந்துவிடுமே என்று தோன்றியது. தைத்த துணியில் ஒரு நூலை உருவிப் பார்க்கிற புத்தி. அந்த வாரமே அவரை முன்னால் மைக் வேலைக்கு மாற்றி எழுதினேன்.

மறுநாள் என் தம்பி போன் செய்தான். அப்பா இறந்து ஆறு வருடமாகச் சபைப் பக்கமே எட்டிப் பார்க்காதவன்.

“ஞாயித்துக்கிழமை வர்றேன்க்கா. நீ என்னைக் கண்டுக்காத. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஞாயிறன்று முன் வரிசையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். முதல் பாட்டின்போது கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தான். அங்கே அவன் மட்டும்தான். பக்கத்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் பாட்டு முடிந்து திரும்பினால் ஆளைக் காணோம். மைக் பக்கம் பார்த்தேன். டிரைவரையும் காணோம்.

வெளியே ஓடினேன். இருவரும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

“எப்பவும் டிரைவர் அண்ணன் பக்கத்துல இருப்பாருக்கா. இன்னைக்கு அந்த இடம் காலியா இருந்துச்சு. என்னால உக்கார முடியல.”

“எப்பவும்னா?”

“இது நாலாவது தடவை. பாட்டு ஆரம்பிச்சப்புறம் நைசா வருவேன். அப்பா ஞாபகம் வந்துரும், எழுந்து வந்துருவேன். அண்ணனும் கூடவே வந்துருவாரு. ஒண்ணும் கேக்க மாட்டாரு. இன்னைக்கு முழுசா உக்காந்துரலாம்னுதான் உன்கிட்ட சொன்னேன்.”

மூன்று ஞாயிறு என் முதுகுக்குப் பின்னால் என் தம்பி வந்து போயிருக்கிறான். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால்கூடத் தேவலை. வெட்கமாக இருந்தது.

“மைக்கை நான் பாத்துக்கறேண்ணே. நீங்க உங்க வேலையைப் பாருங்க” என்றேன்.

“அதைத்தாம்மா பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார், படியை விட்டு நகராமல்.

நான் மைக்கைப் பார்க்க உள்ளே போனேன்.