ஏழாவது வரிசை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரார் சொல்லித் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பனமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பன்னிரண்டு வருஷமாக அங்கன்வாடி டீச்சர். பெயர் தையல்நாயகி என்றாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது பேங்கிலும் ரேஷன் கடையிலும் மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் டீச்சர். பதினான்கு குழந்தைகள் வருகிறார்கள். அவர்கள் என் குரல் கேட்டால் அடங்கிவிடுவார்கள் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

கைவேலையிலும் அப்படித்தான், கொஞ்சம் தலைக்கனம். தீப்பெட்டியில் ரயில், சோடா மூடியில் சக்கர வண்டி, என் வீட்டுக்காரரின் பழைய சாக்ஸில் வாய் திறந்து மூடும் பொம்மை என்று காசு செலவில்லாமல் எதையாவது செய்துகொண்டே இருப்பேன். அந்தச் சாக்ஸ் பொம்மைக்குப் பசியான் என்று பெயர். எதைக் கொடுத்தாலும் தின்பான்.

இந்த வருஷம் செய்தது மணிச்சட்டம். செருப்புப் பெட்டியின் மூடியில் பத்து வரிசை நூல் கட்டி, முதல் வரிசையில் ஒரு குன்றிமணி, இரண்டாவதில் இரண்டு, பத்தாவதில் பத்து என்று கோத்தேன். மொத்தம் ஐம்பத்தைந்து. மலையடி வேலியில் கொடி காய்ந்து, காய் வெடித்து, சிவப்பும் கறுப்புமாகக் கொட்டிக் கிடந்ததைப் பொறுக்கி வந்தது. குன்றிமணி கல் மாதிரி இருக்கும், ஊசி இறங்காது. அதனால் ஒரு நாள் முழுக்க வெந்நீரில் ஊறப் போட்டு, ஊசியை அடுப்பில் காய வைத்து ஒவ்வொன்றாகத் துளைத்தேன். அது விஷம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? முழுசாக விழுங்கினால் ஒன்றும் ஆகாது, மறுநாள் தானாக வந்துவிடும் என்பதும் தெரியும். பிள்ளையாருக்குக் கண் வைக்கிற பொருள்தானே என்று நினைத்தேன்.

பார்க்க வந்த சூப்பர்வைசர் மேடம் போட்டோ எடுத்துக்கொண்டார். இவ்வளவு நன்றாகச் செய்துவிட்டு மேலே மாட்டினால் எப்படி, குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள் என்றார். நான் ஆணியைக் கீழே இறக்கி அடித்தேன். அடித்தது நான்தான்.

புதன்கிழமை காலையில் வந்து பார்த்தபோது ஏழாவது வரிசை காலியாக இருந்தது. நூல் அறுந்து தொங்கியது. சாதாரணத் தையல் நூல், இரட்டையாகப் போடாதது என் தப்பு. உதவியாளர் ஜெயம் அக்காவைக் கேட்டேன். நேற்று சாயங்காலம் பெருக்கும்போது கிடந்தது என்று ஒரு டப்பாவை நீட்டினார். எண்ணினேன். ஐந்து இருந்தது.

இரண்டு குறைந்தது. பாயை உதறினோம், அரிசி டின்னை நகர்த்தினோம், வாசல் மண்ணைக் கையால் அளைந்தோம். ஆறாவது மணி ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த களிமண் யானையில் இருந்தது. ஒரு பக்கம் கண்ணாகப் பதித்திருந்தார்கள். யானையைத் திருப்பினேன். மறுபக்கத்தில் விரலால் குத்திய குழி மட்டும் இருந்தது, மணி இல்லை.

விழுந்திருக்கும் என்று ஜெயம் அக்கா ஜன்னலுக்குக் கீழே தேடினார். நானும் அப்படித்தான் நம்பப் பார்த்தேன். யானையைச் செய்த மணிமாறன் வந்ததும் இன்னொரு கண் எங்கே என்று கேட்டேன். ஒன்றுதான் கிடைத்தது டீச்சர் என்றான் பாவம் போல.

எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, சிவப்பு மணியை யார் வாயில் போட்டது, சொன்னால் சாக்லேட் தருவேன் என்றேன். பத்துக் கை மேலே போனது. குரலை உயர்த்தி, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். ஒரு கைகூட மேலே வரவில்லை. ஒரு சின்னவன் அழுதான். என் நீளமான வாயால் நான் சம்பாதித்து வைத்திருந்தது இவ்வளவுதான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஜெயம் அக்கா என்னைத் தனியாக இழுத்துச் சமாதானம் சொன்னார். நாமெல்லாம் சின்ன வயதில் விழுங்காததா, கல்லால் தட்டினாலும் உடையாத பொருள், பால்பல்லுக்கா உடையப்போகிறது என்றார். ஊறப் போட்டேன் அக்கா, ஓட்டை வேறு போட்டேன் என்றேன். ஊசி முனை அளவு ஓட்டையில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டுவிட்டு, அவரே டப்பாவிலிருந்த மணியை ஒரு தடவை பார்த்துக்கொண்டு சத்துமாவு கிண்டப் போய்விட்டார்.

அப்போதுதான் பசியானை எடுத்துக் கையில் மாட்டினேன். பொம்மை கேட்டால் குழந்தை பொய் சொல்லாது. என்னிடம் பயப்படுகிற பிள்ளைகள் என் கையிலிருக்கும் சாக்ஸிடம் பயப்படுவதில்லை. புளியங்கொட்டை, தாள் உருண்டை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் தோல், எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தேன். மிச்சமிருந்த ஆறு குன்றிமணியையும் அதே தட்டில் ஓரமாக வைத்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டேன். பசியான் ஒவ்வொருவரிடமும் போய், பசிக்குது, எனக்கு என்ன தருவ என்று கேட்டான். ஒருத்தன் தாள் உருண்டையை இட்லி என்று கொடுத்தான். ஒருத்தி மல்லாட்டைத் தோலைக் கருவாடு என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

கலைப்பிரியாவுக்கு நாலரை வயது. நான் வெளியே போனால் என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து என்னைப் போலவே கையை ஆட்டுகிறவள். பசியான் அவளிடம் போனபோது அவள் யோசிக்கவே இல்லை. ஒரு குன்றிமணியை எடுத்தாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"வாயத் தொற. கடி. நல்லா மெல்லு. துப்பக் கூடாது, துப்புனா வூட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்றாள். பசியான் வாயை மூடினான். "ஆ காட்டு. நாக்கத் தூக்கு. ம், குட்."

அது என் குரல். ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை.

போன மாதம் வயிற்றுப் பூச்சி மாத்திரை கொடுத்த நாளில் நான் ஒவ்வொரு குழந்தைக்கும் சொன்ன வார்த்தைகள் அவை. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்புவார்கள் என்று, மென்று விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். நாக்கைத் தூக்கச் சொல்வேன். குட் என்று நான் சொன்ன பிறகுதான் வாயை மூடலாம். அந்த வேலையை எங்கள் வட்டாரத்தில் என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறவர் யாருமில்லை என்று நானே சொல்லிக்கொண்டதுண்டு.

பசியானின் வாயை அசைத்துக் கேட்டேன், இந்த மாத்திரையை இதற்கு முன்னால் யாருக்குக் கொடுத்தாய் என்று.

"தேவாவுக்கு" என்றாள். "அன்னிக்கு எல்லாருக்கும் குடுத்தீங்க, அவனுக்கு மட்டும் குடுக்கல. அழுதுகினே இருந்தான். அதான் நேத்து நான் குடுத்தேன்."

உண்மைதான். தேவாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். காய்ச்சல் இருக்கும் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. ஜெயம் அக்கா மடியில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஒவ்வொருவராக ஆ காட்டி குட் வாங்குவதைப் பார்த்துப் பார்த்து அழுதான். உனக்கு அப்புறம் தருகிறேன் என்றேன். மறுவாரம் விடுபட்டவர்களுக்குக் கொடுக்கும் நாளில் அவன் வரவில்லை. பிறகு எனக்கும் மறந்துபோனது. அவனுக்கு மறக்கவில்லை. கலைப்பிரியாவுக்கும் மறக்கவில்லை. இரண்டரை வயதுப் பிள்ளை, துப்பாமல் மென்றிருக்கிறான்.

தேவா இன்றைக்கு வரவில்லை. நேற்று மூன்று மணிக்கு அவன் அம்மா சித்ரா வந்து அழைத்துக்கொண்டு போனாள். திண்டிவனத்தில் தம்பி வீட்டில் விசேஷம், இரண்டு நாள் கழித்துத்தான் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

போனை எடுத்தேன். ஜெயம் அக்கா கரண்டியோடு வந்து என் கையைப் பிடித்தார். "ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு, அத்தோட வுட்டுடு. ஊசி, ஓட்டை கதையெல்லாம் உனக்கு எதுக்கும்மா? புள்ள எங்கியோ எதையோ தின்னுச்சுன்னு இருக்கட்டும். ஒனக்கும் வேல போவும், எனக்கும் போவும்."

அவர் மேல் நான் கோபப்பட்டேன் என்று சொன்னால் பொய். போன் மணி அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அதையேதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. அப்பாடா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடிக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டாவது தடவை சித்ரா எடுத்தாள்.

விடியற்காலையிலிருந்து வாந்தி என்றாள். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டி ஊசி போட்டுக்கொண்டு வந்தோம், இப்போது பேதியும் ஆகிறது, லேசாகச் சிவப்பாக இருக்கிறது, பீட்ரூட் சாப்பிட்டானா என்று தெரியவில்லை என்றாள். பின்னால் மேளச் சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது.

"சித்ரா, பீட்ரூட் இல்ல" என்றேன். "நேத்து இங்க குன்றிமணி தின்னுட்டான். மென்னு தின்னுருக்கான். நான் ஓட்டை போட்டு, நூல்ல கோத்து, செவுத்துல மாட்டி வெச்சிருந்தது. நூத்தியெட்டுக்குப் போன் பண்ணு. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு ஜல்தியா வா. போனதும் குன்றிமணின்னு சொல்லு. மத்தது எதுவும் சொல்ல வேணாம், அத மட்டும் மொதல்ல சொல்லு."

"நீங்க செஞ்சதா டீச்சர்?" என்றாள்.

"நான் செஞ்சதுதான்."

போன் கட்டாகிவிட்டது. ஆறு குன்றிமணியையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டேன். டாக்டர் கேட்டால் காட்ட வேண்டும். குழந்தைகளை ஜெயம் அக்காவிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். கலைப்பிரியா வாசலில் நின்று, தேவாவுக்குப் பூச்சி செத்துடுச்சா டீச்சர் என்று கேட்டாள்.

நான் போய்ச் சேர்ந்து கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. சித்ரா புதுப்புடவையோடு இறங்கினாள், முந்தானையெல்லாம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் பார்க்காதது போல உள்ளே ஓடினாள். அவள் அடித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இளம் டாக்டர் ஒருவர் தீப்பெட்டியைத் திறந்து, மணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையைப் பார்த்தார். எத்தனை, எப்போது, மென்றானா என்று கேட்டார். ஒன்று, நேற்று மதியம், மென்றான் என்றேன். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, உடம்பைத் தாங்க வைப்பதுதான் வைத்தியம், மூன்று நாள் போகாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். தெரிந்து கொண்டுவந்தது நல்லது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் வராந்தாவில் நின்றேன்.

உள்ளே நர்ஸ் ஒருவர் கறுப்பாக ஏதோ ஒரு கரைசலை டம்ளரில் வைத்துக்கொண்டு தேவாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். கரித்தூள், வயிற்றில் மிச்சம் ஏதாவது இருந்தால் அது இழுத்துக்கொள்ளும் என்றார்கள். ஒரு கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஒரே நாளில் பிள்ளை பாதியாகியிருந்தான். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான். குடிக்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று நர்ஸ் சொன்னதும் சித்ரா வெளியே வந்தாள்.

என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க சொன்னா வாயத் தொறப்பான். வந்து சொல்லுங்க."

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் தேவா தானாகவே வாயைத் திறந்தான். நர்ஸ் டம்ளரைச் சாய்த்தார். கறுப்புத் தண்ணீர் மோவாயில் வழிந்தது, குமட்டியது, கண்ணில் நீர் வந்தது. ஒரு சொட்டுக்கூடத் துப்பவில்லை. தண்ணீரைப் போய் மென்றான், என் மேல் வைத்த கண்ணை எடுக்காமல்.

முழுங்கி முடித்ததும் மறுபடியும் வாயை அகலமாகத் திறந்தான். கறுத்துப் போன நாக்கை மேலே தூக்கி, அடியில் ஒன்றுமில்லை என்று காட்டினான். நர்ஸுக்கு எதற்கென்று புரியவில்லை, போதும் கண்ணு, வாயை மூடிக்கொள் என்றார். அவன் மூடவில்லை. திறந்த வாயோடு, மூச்சு வாங்க, என்னையே பார்த்தபடி காத்திருந்தான்.

சித்ரா முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"குட்" என்றேன்.