பிட் மாற்றும் நேரம்

மரம் செதுக்கும் மெஷினில் முதல் பிட் தன் வெட்டும் வேலையை முடித்து நின்றபோது மணி பதினொன்று இருபது. அடுத்த பிட்டை மாட்டச் சொல்லி லேப்டாப் திரையில் ஒரு கட்டம் வந்தது. சான்ட்ரா அதைப் பார்த்தாள். பிறகு ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள்.

"என்னங்க, காபித்தூள் தீந்துபோச்சு. போய் வாங்கிட்டு வந்துடுங்களேன்."

போன வாரம்தானே வாங்கினோம் என்று வால்டர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

சாந்தோமில் இரண்டாவது மாடி வீடு. கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியில், தையல் மெஷின் மேஜை அளவு இடத்தில் அந்த ரௌட்டர் உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சரான சான்ட்ரா மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கியது. கம்ப்யூட்டரில் அவள் வரைவதை அது மரத்தில் செதுக்கிக் கொடுக்கும். தெரிந்தவர்களுக்குப் பெயர்ப்பலகை, ஜெபமாலைப் பெட்டி என்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. செதுக்கும்போது மனுஷக் கை தேவையில்லை. நடுவில்தான் தேவை. தட்டையான பிட் எழுத்தைச் சுற்றிய இடத்தைச் சமன்படுத்திவிட்டு நின்றுவிடும். அதைக் கழற்றிவிட்டு, எழுத்து வெட்டும் கூர்முனை பிட்டை மாட்டவேண்டும். மேலே தண்டு சுற்றாமல் ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, கீழே நட்டை இன்னொரு ஸ்பானரால் இறுக்கவேண்டும். அரை நிமிஷ வேலை.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வலது கட்டைவிரலில் ஆரம்பித்தது அந்த நடுக்கம். தூக்கக் குறைவு என்று நினைத்தாள். அப்புறம் போர்டில் கோடு வளைந்தது. பிள்ளைகள் பார்ப்பதற்குள் புரொஜெக்டருக்கு மாறிக்கொண்டாள். புதுசாகக் கற்றுக்கொள்கிறாரே என்று தலைமை ஆசிரியை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். முன்பெல்லாம் பிட் மாற்றியதும் அதன் முனைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்து, அது லேசாகப் பிடிபடும் இடத்தை விரலாலேயே கண்டுபிடித்து மெஷினுக்கு உயரத்தைச் சொல்லிக்கொடுப்பாள். விரலுக்கு அது தெரியாமல் போனதும், மெஷின் தானே தொட்டு உயரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு உலோகத் தகடு வாங்கி வைத்தாள். நட்டை இறுக்குவதற்குத்தான் மாற்று எதுவும் கிடைக்கவில்லை. அதனால் பிட் மாற்றும் நேரம் வந்தால் வால்டருக்குக் கடையில் ஏதாவது வேலை இருக்கும்.

இன்றைக்கு மெஷினில் இருந்தது தேக்குப் பலகை. லூப் ரோடு மார்க்கெட்டில் மீன் விற்கும் கோவிந்தம்மா, தன் கல்யாணக் கட்டிலின் தலைமாட்டைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. 'கோ. அஸ்வினி, வழக்கறிஞர்' என்று வரவேண்டும். மகள் திங்கட்கிழமை முதல்முறையாகக் கோர்ட்டுக்குப் போகிறாள். பலகை அதற்குள் வாசலில் தொங்கவேண்டும்.

சான்ட்ரா கூர்முனை பிட்டை மாட்டி நட்டைத் திருகினாள். கடைசி அரைச் சுற்றில் விரல்கள் ஸ்பானரை விட்டுவிட்டன. மறுபடி பிடித்தாள், மறுபடி விட்டன. போதும், நிற்கும் என்று நினைத்துக்கொண்டு மெஷினை ஓடவிட்டாள்.

பெயர் அழகாக விழுந்தது. அடுத்த வரியில் 'ழ'வுக்கு வந்தபோது சத்தம் மாறியது. மரம் கருகும் வாடை. பிட் வழுக்கிக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள் 'ழ' இருந்த இடத்தில், பலகையின் பாதிக் கனத்துக்கு ஒரு கருப்புப் பள்ளம் விழுந்துவிட்டது.

வால்டர் வாசலில் நின்றிருந்தார்.

"ஃபைல்ல ஏதோ தப்பு" என்றாள் சான்ட்ரா. அவர் கையில் ஒன்றும் இல்லை. "காபித்தூள் எங்க?"

"வாங்கல. அலமாரியில ஏற்கனவே நாலு பாக்கெட் இருக்கு."

"அப்ப எங்க போனீங்க?"

"படிக்கட்டுல நின்னேன். எப்பவும் வாங்கிட்டு வந்து அங்கதான் நிப்பேன். மெஷின் சத்தம் திரும்ப வந்தப்புறம்தான் மேல ஏறுவேன்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சுதுல்ல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா மறுநாளே மெஷினை வித்துடுவே. அடுத்தது ஸ்கூலுக்கு ராஜினாமா லெட்டர் எழுதுவே. உன்னைத் தெரியாதா எனக்கு?"

சான்ட்ரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மரத்தூளின் மேலேயே வலது கையை மேஜையில் வைத்தாள். யார் முன்னாலும் அதை அப்படிச் சும்மா வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அது தன்பாட்டுக்கு ஆடியது. இரண்டு பேரும் பார்த்தார்கள்.

ஒரு மணிக்கு மார்க்கெட் முடிந்து கோவிந்தம்மா வந்தாள். பொய் சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. மெஷின் பழுது என்றால் நம்பியிருப்பாள்.

"கெடுத்துட்டேன் கோவிந்தம்மா. என் கை நடுங்குது. சரியா இறுக்கல."

கோவிந்தம்மா குனிந்து பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நுனி கருப்பானது. அதைப் புடவையில் துடைத்தாள்.

"எத்தினி நாளா கீது?"

"கிறிஸ்துமஸ்ல இருந்து."

"அப்ப பலகைய வாங்கறப்பவே தெரியும் உனுக்கு." குரல் உயரவில்லை. "சொல்லிருந்தா வேற யாராண்டனா குட்த்திருப்பேன் டீச்சர். அந்தக் கட்டில்ல மிஞ்சினது இது ஒண்ணுதான்."

சான்ட்ரா தலையாட்டினாள்.

"டாக்டராண்ட காட்னியா?"

"இல்ல."

கோவிந்தம்மா வால்டரை ஒரு பார்வை பார்த்தாள். பலகையைத் தூக்கித் திருப்பினாள். பின்பக்கம் இரண்டு ஆணி ஓட்டை, மற்றபடி சுத்தமாக இருந்தது.

"இதுல போடு."

"ஓட்டை தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும். நான் இங்கியே குந்திக்கினு பாக்கறேன்." பால்கனிக் கதவோரம் கூடையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தட்டைப் பிட் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நாற்பது நிமிஷம் ஓடியது. வால்டர் போட்டுக் கொடுத்த காபியைக் கோவிந்தம்மா மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் குடித்தாள். பிறகு சத்தம் அடங்கி, திரையில் கட்டம் வந்தது.

வால்டர் எழுந்து வந்து ஸ்பானரை எடுத்தார். எதை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் தப்பாகத் திருப்பினார்.

"அந்தப் பக்கம் இல்ல. உங்க பக்கம் இழுங்க. பிட்டை இன்னும் கொஞ்சம் உள்ள விடுங்க... போதும்."

வால்டரின் ஒரு கையில் பிட், மறு கையில் ஸ்பானர்; மேலே தண்டைப் பிடிக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. சான்ட்ரா பழக்கத்தில் வலது கையாலேயே இரண்டாவது ஸ்பானரை எடுத்தாள். அது தண்டில் உட்காராமல் உலோகத்தில் தட்டித் தட்டிச் சின்னச் சத்தம் எழுப்பியது. கோவிந்தம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். வால்டர் நட்டின் மேல் தன் ஸ்பானரை வைத்தபடி, இழுக்காமல், அந்தச் சத்தம் நிற்பதற்காகக் காத்திருந்தார்.