தரணி திருப்பி வைத்த துண்டு

ஜூன் 11, புதன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேராகவே, இரண்டு கல் சேரும் ஜாயிண்டைப் படத்தில் குறித்துவிட்டேன். தொட்டிக்காக வெட்டுவதால் அங்கே கல் பலவீனம், தெரிந்தும் தவறினேன். யாரும் பார்க்குமுன் அழித்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதி நோட்டை மூடிய நாகஜோதிக்கு, தரணி மட்டும் பார்த்திருப்பாளோ என்று இருந்தது.

கிரானைட் கடையில், கல் வெட்டுவதற்குப் படம் போடுகிறவள் நாகஜோதி. அதற்காகவே மாலை வகுப்புக்கும் போகிறாள். தரணி பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நின்றவள்; இந்தக் கடைக்கு வந்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் முதலாளி குமாரவேல் எதற்கெடுத்தாலும் "தரணியக் கேளுங்க" என்கிறார். நாகஜோதிக்கு வயிறு எரிந்தது.

இன்று வாடிக்கையாளர் ஜானகியம்மாளின் சமையல் மேடை. மூலையில் இரண்டு துண்டு சேர வேண்டும். அவர் பிடித்துப்போய் எடுத்த கருங்கல்லில் வெள்ளை அலையொன்று நெளிந்து ஓடியது. இருந்ததோ ஒரே பலகை. இருவரும் ஆளுக்கொரு படம் போடுங்கள், அவருக்குப் பிடித்த படத்தை நாளை கல்லில் வெட்டலாம் என்றிருந்தார் குமாரவேல்.

நாகஜோதியின் படத்தில் அளவு பிசகவில்லை. ஆனால் மூலையில் அலை ஒரு சாண் தள்ளி நின்றது. தரணி கல்லின் போட்டோவை அச்செடுத்துக் கத்தரித்து ஒட்டியிருந்தாள். அலை மூலை திரும்பி அப்படியே ஓடியது.

"கோடு போட்ட பனியனுக்கு சைடு தையல்ல கோடு சேர்ப்போமுங்க. அதே கணக்குத்தானுங்க."

"தண்ணி திரும்பற மாதிரியே இருக்குது கண்ணு!" என்று ஜானகியம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டார். நாகஜோதியின் படத்தின் மேல் டீ கிளாஸை வைத்தார்.

அப்போதுதான் நாகஜோதி கவனித்தாள். கல்லில் அலைக்கு இடப்பக்கம் இருந்த சிவப்புப் புள்ளி, தரணியின் ஒரு துண்டில் வலப்பக்கம் இருந்தது. போட்டோவை இடவலம் மாற்றி அச்செடுத்திருக்கிறாள்! கல்லைக் கவிழ்த்துப் போட்டால்தான் அலை அப்படிச் சேரும். வாயை மூடிக்கொண்டால் போதும். நாளை கல் பாழாகும், தரணியின் பவிசும் போகும். ஆனால் அந்த முகம் இப்போதே, எல்லார் எதிரிலும் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"ஏ தரணி, துணியத் திருப்பிப் போடலாம். கல்லத் திருப்பினா பின்பக்கம் பாலீஷ் இருக்குமாக்கும்?"

தரணி நாக்கைக் கடித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அய்யோ, கல்லுங்கறதயே மறந்துட்டனுங்க அக்கா! அந்தக் கத்திரியக் குடுங்க."

நாகஜோதியே கொடுத்தாள். தரணி திருப்பாத போட்டோவில் துண்டை மேலும் கீழும் நகர்த்தி, அலை இன்னொரு முறை வளையும் இடத்தைப் பிடித்து வெட்டினாள். மூலையில் இரண்டு விரல்தான் விலகல்.

"இதே போதுஞ் சாமி," என்றார் ஜானகியம்மாள்.

"நல்லவேளை, நீ சொன்னே" என்று நாகஜோதியிடம் சொன்னார் குமாரவேல், தரணியின் படத்தைப் பார்த்தபடியே.

வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் நாகஜோதி நோட்டைத் திறந்து எழுதினாள்: கல்லுக்காகச் சொன்னதாக முதலாளி நினைக்கிறார். அவள் முகம் சுருங்கவே இல்லை.

நாளை: தரணியின் படத்தை முழு அளவில் அட்டையில் வெட்டி, கல்லின் மேல் வைத்து, ஜாயிண்ட் கோட்டைக் குறிக்க வேண்டும்.